கடைசி வீட்டுக் குழாய்

ட்யூப் வெட்டும்போது மட்டும் யாரும் என்னிடம் பேசக் கூடாது. ஹேக்ஸாவால் அறுத்தால் ஓரம் பிசிறடிக்கும், பிசிறு வழியாகக் காற்று புகும், காற்று புகுந்தால் பம்ப் மருந்தை இழுக்காது. அதனால் புது பிளேடு ஒன்றைப் பிரித்து, ட்யூபைப் பலகைமேல் நீட்டி வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்தில் நேராக வெட்ட வேண்டும். நான் மூச்சைப் பிடித்த நேரம் பார்த்துத்தான், மோட்டார் ரூம் வாசலில் நின்றிருந்த ஜீவானந்தம், "ஏம்மா, நீ எந்த ஊரு?" என்றார்.

"ஆரணிதாங்க."

"ஆரணில எங்க?"

இந்த இரண்டாவது கேள்வி எதற்கென்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்கு மூக்குமேல் கோபம் என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார், அதில் பொய் ஒன்றும் இல்லை. பிளேடைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தேன்.

"ஏரிக்கரை காலனிங்க. பேரு எழிலரசி. ஐடிஐல ஃபிட்டர் முடிச்சிருக்கேன். வேற எதுனா தெரியணுமாண்ணா?"

"அய்ய, அதுக்குக் கேக்கலம்மா. சும்மா கேட்டேன்" என்று அவர் கையிலிருந்த சாவியை உருட்ட ஆரம்பித்தார். ஐம்பது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை, சீவிய தலையில் ஒரு முடி விலகியிருக்கவில்லை. வீட்டில் இரண்டு தறி. நெசவாளர்கள் குடியிருக்கும் அந்த மூன்று தெருக்களுக்கும் தண்ணீர்க் கமிட்டி செயலாளர். மோட்டார் ரூம் சாவி அவர் இடுப்பைவிட்டு இறங்காது. அவர் திறந்துவிட்டால்தான் நான் உள்ளே போக முடியும், அவர் பூட்டிய பிறகு உள்ளே யாரும் போக முடியாது.

அதுவரை அந்தத் தெருக்களுக்குக் குடிதண்ணீரில் மருந்து கலந்த விதம் இதுதான்: பிளீச்சிங் பவுடரை ஒரு வாளியில் கரைத்து, யாராவது மேல்நிலைத் தொட்டியில் ஏறி ஊற்றிவிட்டு வருவது. ஏறியவர் கை தாராளமாக இருந்தால் முதல் தெருவில் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. ஏற ஆளில்லாத வாரத்தில் வெறும் தண்ணீர்தான். போன மழைக்காலத்தில் கடைசித் தெருவில் பதினோரு பேருக்கு வாந்திபேதி. அதற்குப் பிறகுதான் ஊருக்குள் ஆறு தொட்டிகளுக்கு டோசிங் பம்ப் வைக்க உத்தரவு வந்தது. பெரிய இயந்திரம் ஒன்றும் இல்லை, டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். போர் மோட்டார் ஓடும்போதெல்லாம் கூடவே டக் டக் என்று அடித்து, டிரம்மில் இருக்கும் குளோரின் கரைசலை அளந்து அளந்து பைப்புக்குள் செலுத்தும்.

ஆறு தொட்டிகளையும் கான்டிராக்ட் எடுத்தவர் சம்பந்தம். அவருடைய வழக்கமான ஃபிட்டர் வேலூர்க்காரர், மாமனார் காரியத்துக்குப் போய்விட்டார். நான் நான்கு நாள் தொடர்ந்து போய் சம்பந்தத்தின் கடை வாசலில் நின்றேன். ஐந்தாம் நாள் அவருக்கே பேஜாராகிவிட்டது. "ஒரு டேங்க் போடு. ஒரு வாரம் கடைசிக் குழாய்ல மருந்து காட்டணும். காட்டினா மீதி அஞ்சும் உனக்கு. இல்லன்னா இந்தப் பக்கம் வராத" என்றார். அவ்வளவுதான். அந்த ஐந்து தொட்டிகள் எனக்கு என்ன என்று அவருக்குத் தெரியாது. ஃபிட்டர் படித்த நான் ஆறு வருடமாகச் செய்யாரில் ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுகிறேன். காலை ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருந்தவர்கள் பொம்பளை ஃபிட்டரா என்று சிரித்தார்கள், பிறகு டேப்பைக் கையில் கொடுத்தார்கள். என் ஊரில், என் கையால், ஃபிட்டர் என்று ஒரு வேலை. எனக்கு வேண்டியது அதுதான். அதற்காகத்தான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு அந்த மோட்டார் ரூமில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தேன்.

பம்பைச் சுவரில் பலகை அடித்து, டிரம்முக்கு மேலே பொருத்தினேன். பெட்டியில் இரண்டு விதமான ட்யூப் இருந்தது. இழுக்கிற பக்கத்துக்கு மெத்தென்று கண்ணாடி மாதிரி ஒன்று, தள்ளுகிற பக்கத்துக்கு விறைப்பாக வெள்ளையில் ஒன்று. அவசரக்காரர்கள் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டு, அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது பம்பைத் திட்டுவார்கள். நான் தள்ளுகிற பக்கத்தை முதலில் முடித்தேன். மோட்டாரிலிருந்து தொட்டிக்கு ஏறும் மூன்று இஞ்ச் பைப்பில் கிளாம்ப் போட்டு, துளையிட்டு, மருந்தை உள்ளே போகவிட்டு, தண்ணீரைத் திரும்பி வரவிடாத வால்வைப் பூட்டினேன். மருந்துத் துளி பைப்பின் நடுவில் விழ வேண்டும், ஓரத்தில் விழுந்தால் நாளாக நாளாகப் பைப்பையே அரிக்கும். அதற்காக வால்வின் மூக்கை இரண்டு தடவை அளந்து வெட்டினேன்.

இழுக்கிற பக்கம்தான் குணம் கெட்டது. டிரம்முக்குள் ட்யூபின் நுனியில் ஃபுட் வால்வு என்று ஒன்று உண்டு. அது அடியிலிருந்து இரண்டு இஞ்ச் உயரத்தில், சாயாமல் செங்குத்தாக நிற்க வேண்டும். ரொம்பக் கீழே போனால் வண்டலை இழுக்கும், மேலே போனால் காற்றை இழுக்கும். அங்கிருந்து பம்ப் வரைக்கும் ட்யூப் ஏறிக்கொண்டே போக வேண்டும், எங்கேயும் மேடேறி இறங்கக் கூடாது. இந்த மருந்து சும்மா இருந்தாலும் உள்ளுக்குள் குமிழி விட்டுக்கொண்டே இருக்கும், ஆரணி வெயிலில் கேட்கவே வேண்டாம். வழியில் மேடு இருந்தால் குமிழியெல்லாம் அங்கே போய்க் கூடி உட்கார்ந்துவிடும். டிரம்மைக் கழுவ நகர்த்த வேண்டிவரும் என்று நான் ஒரு சாண் ட்யூபைக் கூடுதலாகவே விட்டேன். வெளியே வரும் இடத்தில் அது கொஞ்சம் தளர்ந்து, மேடு விழாமல் பக்கவாட்டில் லேசாக வயிறு தள்ளி நின்றது.

ஜீவானந்தம் மற்ற எதையும் பார்க்கவில்லை. அந்தத் தளர்ச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்து குனிந்து ஒரு விரலால் அதைத் தூக்கினார். விட்டார். மறுபடியும் தூக்கினார்.

"இன்னாம்மா இது, இப்பிடித் தொங்கிகினு கீது?"

"தொங்கட்டும்ணா."

"வேலை முச்சூடும் நீட்டா பண்ணிட்டு இங்க மட்டும் வுட்டுட்டியே. இழுத்து ஒரு கட்டு கட்டினா முடிஞ்சுது."

"அதுல கை வெக்காதீங்கண்ணா. அது அப்பிடித்தான் இருக்கணும்."

ஏன் அப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. சொல்லவில்லை. 'ஆரணில எங்க' என்று கேட்ட மனிதருக்குப் பாடம் நடத்த எனக்கு அன்றைக்கு மனசில்லை, அதுதான் உண்மை. பம்பைப் போட்டு, காற்றை வெளியேற்றி, டிரம்மின் பக்கவாட்டில் மார்க்கர் பேனாவால் மருந்து மட்டத்துக்கு ஒரு கோடு போட்டேன். சாயங்காலம் கடைசித் தெருவில் கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, சோதனைக் குழாயில் இரண்டு சொட்டு சோதனைத் திரவம் விட்டுக் குலுக்கினேன். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் வரும், இல்லையென்றால் வராது. இளமஞ்சளாக, எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் ஊற்றிய மாதிரி வந்தது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் பறந்துதான் போனேன்.

அது வியாழக்கிழமை. வெள்ளியும் சனியும் திங்களும் கம்பெனியில் டேப் ஒட்டினேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஆறு தொட்டி, ஆறு தொட்டி என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஊர் எல்லையைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்கைக் கடக்கும்போது சம்பந்தத்தின் போன் வந்தது.

"ஏம்மா, இன்னா வேலை பண்ணிக்கிற நீ? வெள்ளிக்கிழமைலருந்து கடைசிக் குழாய்ல கலரே வரல. ஹெல்த் மேடம் நேத்து என்னை நிக்க வெச்சுக் கேக்கறாங்க. இன்னிக்குப் பத்து மணிக்கு மறுபடி வராங்க. அப்பவும் வரலன்னா வேலூர்ல இருந்து என் ஆளைக் கூப்ட்டுக்கறேன். பொம்பளையை நம்பி வுட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"பம்ப் ஓடுதா சார்?"

"அதெல்லாம் டக் டக்னு நல்லாத்தான் அடிக்குது. சத்தம் மட்டும் வருது."

பஸ் முழுக்க யூனிபார்மில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து முன்னால் போய் டிரைவரிடம், "அண்ணா, நிறுத்துங்க, எறங்கணும்" என்றேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இன்னாம்மா, உடம்புக்கா?" என்றார். "ஆமா" என்றேன். சொல்லாமல் கொள்ளாமல் ஷிப்டுக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போன மாதம் ஒருத்தி அப்படி வராமல் நின்றாள், அடுத்த நாள் கேட்டில் அவள் கார்டு வேலை செய்யவில்லை. தெரிந்தேதான் இறங்கினேன்.

ஷேர் ஆட்டோ பிடித்து நெசவாளர் தெருவுக்குள் நுழைந்தபோது ஆறரை. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் பாவு நீட்டியிருந்தார்கள். அரக்கு நிறத்தில் ஆயிரக்கணக்கான பட்டிழைகள் இடுப்பு உயரத்தில் விறைத்து நிற்க, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி தெளித்து நீவிக்கொண்டிருந்தார்கள். ஜீவானந்தம் நடுவில் நின்று, விரலால் இழைகளைத் தடவியபடி, தளர்ந்தது எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். நான் சுவரோரமாக ஒண்டி ஒண்டிப் போய் அவர் முன்னால் நின்றேன். என்ன என்று கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார். வரும்போது, "கலர் வரலியாமே. நான் டெய்லி திறந்து பாத்துகினுதாம்மா இருந்தேன். பம்ப் நல்லாத்தான் ஓடுது" என்றார்.

கதவைத் திறந்து மோட்டாரைப் போட்டார். டக் டக் டக். நான் முதலில் டிரம்மைத்தான் பார்த்தேன். என் மார்க்கர் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல்கூட மட்டம் இறங்கவில்லை. ஐந்து நாளுக்கு அரை டிரம் காலியாகியிருக்க வேண்டும். பிறகு ட்யூபைப் பார்த்தேன்.

அது தொங்கவில்லை. பம்புக்கும் மேலே சுவரில் இருந்த ஒரு பழைய ஆணிவரை இழுக்கப்பட்டு, ஆணியில் சுற்றி, அங்கிருந்து பம்புக்கு இறங்கி, அளவெடுத்த மாதிரி விறைப்பாக நின்றது. ஆணியில் அரக்குப் பட்டிழையால் ஒரு கட்டு. முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவு சுத்தம். ஆணிக்கு மேல் வளைந்த இடத்தில், கண்ணாடி ட்யூபுக்குள், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு காற்றுக் குமிழி. பம்ப் ஒவ்வொரு தடவை அடிக்கும்போதும் குமிழி முன்னால் ஒரு நெல்லளவு போய், மறுபடியும் பின்னால் வந்தது. ஐந்து நாளாக அதுதான் நடந்துகொண்டிருந்தது. போனை எடுத்து ஒரு போட்டோ பிடித்தேன். அதற்கப்புறம்தான் எனக்கு வாய் வந்தது.

"யாருண்ணா இதைக் கட்டினது?"

அவர் கையிலிருந்த சாவியை உருட்டினார்.

"கை வெக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா? கரடியா கத்தணுமா? என் பொழப்பே இதுலதான் இருக்குது தெரியுமா உங்களுக்கு? கம்பெனிக்குப் போவாம எறங்கி வந்துகினு கீறேன். இந்த ஒரு முடிச்சால எனக்கு அங்கயும் இல்ல, இங்கயும் இல்ல!"

என் குரல் மோட்டார் சத்தத்தையும் தாண்டித் தெருவுக்குக் கேட்டிருக்கும். ஜீவானந்தத்தின் முகம் சிவந்தது. அவரை அவர் தெருவில் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள், அதுவும் ஒரு பெண், அதுவும் ஏரிக்கரை காலனிப் பெண். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, ஏதோ வெட்கப்படுகிற காரியத்தைச் சொல்கிறவர்போல, சொன்னார்:

"தொங்கிகினு கெடந்துச்சும்மா. பாக்கவே மனசு ஆவல. அன்னிக்கு நீ போனதும் பூட்டிட்டுப் போயிட்டேன். வீட்ல போய்ச் சாப்ட குந்தினா சோறு எறங்கல, கண்ணு முன்னாடி அதுவே தொங்குது. திரும்பி வந்து கட்டிட்டேன். முப்பத்திரண்டு வருசம் தறில குந்திகினு கீறேன். ஒரு இழை தொய்ஞ்சாலும் குறுக்க ஓடற நாடா அதுல மாட்டி அறுத்துடும். தொங்கறதப் பாத்தா கை தானா போவுது."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலை கெட்டுப்போகட்டும் என்று செய்திருந்தால் சண்டை போடலாம். சோறு இறங்காமல் எழுந்து வந்து கட்டிய மனிதரை என்ன செய்வது? அவர் கையைப் பிடிக்காத குறையாக அருகே இழுத்து, குமிழியைக் காட்டினேன். "இதப் பாருங்க. காத்து மேலதான் போவும். நீங்க மேல கட்டினதால வந்த காத்தெல்லாம் இங்க குந்திகினு கீது. பம்ப் அடிக்கிற அடி எல்லாம் இந்தக் காத்த அமுக்கறதுக்கே சரியாப் போச்சு. மருந்து ஒரு சொட்டு போவல. தொங்கினா ஒண்ணும் இல்லண்ணா. மேடு இருந்தாத்தான் கெட்டுது." அவர் ட்யூபுக்கு மூக்குப்படும் தூரத்தில் முகத்தை வைத்து, குமிழி முன்னே போவதையும் பின்னே வருவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு நிமிர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் பட்டிழையை பிளேடால் அறுத்தேன். டிரம்முக்குள் கைவிட்டுப் பார்த்தால் ஃபுட் வால்வு ஒரு சாண் மேலே வந்து ஒருக்களித்துக் கிடந்தது. அதை அடிக்கு இறக்கி நிமிர்த்தினேன். பம்பின் தலையில் காற்றுத் திருகைத் திறந்து ஓடவிட்டேன். குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வெடித்தன. கடைசியில் மருந்து கம்பி மாதிரி வந்ததும் திருகை மூடினேன். அப்போது தெறித்ததில் என் நீல யூனிபார்மில் நாலைந்து வெள்ளைப் பொட்டுகள் விழுந்தன. காலை சப்ளைக்குத் திறந்துவிட்டிருந்ததால் தொட்டி ஏறக்குறைய காலி. ஏழே காலிலிருந்து பத்து வரைக்கும் மோட்டார் ஓடினால் புதுத் தண்ணீர் போதுமான அளவு சேர்ந்துவிடும். அந்த இரண்டே முக்கால் மணி நேரமும் நான் மோட்டார் ரூமைவிட்டு நகரவில்லை. யாராவது வந்து மறுபடியும் எதையாவது இழுத்துக் கட்டிவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

பத்து மணிக்குச் சம்பந்தம் பைக்கில் வந்தார். பின்னாலேயே ஸ்கூட்டியில் சுகாதார ஆய்வாளர் புஷ்பலதா மேடம். வெயிலில் வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. தண்ணீர் திறந்துவிட ஜீவானந்தமும் வந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னா ஆச்சு?" என்றார் மேடம்.

"ஏர் லாக் மேடம். ட்யூப்ல மேடு வந்திருந்தது. சரி பண்ணிட்டேன்."

சம்பந்தம் சிரித்தார். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மேடு வந்துச்சுன்னா யாரு போட்ட ட்யூப் அது? நீதான போட்ட?"

போன் என் கையில்தான் இருந்தது. போட்டோவைக் காட்டினால் முடிந்தது. நான் காட்டாததற்கு நல்ல மனசு என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். காட்டினால் ஜீவானந்தம் இல்லை என்பார், அந்தத் தெருவே அவர் பக்கம் நிற்கும், நாளைக்கு எந்த மோட்டார் ரூம் சாவியும் எனக்காகத் திறக்காது. அந்தப் பயம் பாதி. மீதிப் பாதி, ஏன் தொங்கவிட்டேன் என்று அன்றைக்கு நான் வாயைத் திறந்து சொல்லியிருந்தால் இது எதுவும் இல்லை. "ஆமா சார், நான் போட்டதுதான்" என்றேன். ஜீவானந்தம் வால்வைத் திறக்கப் போனார், நாங்கள் மூவரும் கடைசித் தெருவுக்கு நடந்தோம்.

கடைசி வீடு பொன்னம்மாளுடையது. போன மழையில் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் அவர் பேத்தி. குழாயடியில் ஏற்கெனவே ஏழெட்டுக் குடங்கள். முதல் தண்ணீர் வந்ததும் மேடம் சோதனைக் குழாயில் பிடித்து, இரண்டு சொட்டு விட்டுக் குலுக்கினார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை. அதே. பின்னால் யாரோ ஒரு பெண், "யாரு யாரு கையோ பட்டா தண்ணி எப்பிடி வெளங்கும்" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னதுதான். கோபம் வரவில்லை. அதுதான் எனக்கே ஆச்சரியம். உடம்பில் தெம்பெல்லாம் கண்ணுக்குப் போய், நான் அந்தச் சின்னக் கண்ணாடிக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பைப்புல பழைய தண்ணி இருக்குது மேடம். வால்வு தொறந்து புதுத் தண்ணி இங்க வர அரை மணி ஆவும்" என்றேன்.

"எனக்கு இன்னும் நாலு எடம் போவணும்மா" என்று மேடம் நோட்டை மூடினார். சம்பந்தம் பைக் சாவியை எடுத்துவிட்டார். "போதும்மா. நீ வீட்டுக்குப் போ. நான் ஆளைக் கூப்ட்டுக்கறேன்."

அப்போதுதான் ஜீவானந்தம் வேகமாக நடந்து வந்தார். ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது, சீவிய தலை கலைந்திருந்தது. நேராக மேடத்தின் முன்னால் வந்து நின்றார்.

"மேடம், ஜல்தி போயிடாதீங்க. அந்த ட்யூப இழுத்து மேல கட்டினது நான். இந்தப் பொண்ணு கை வெக்காதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போச்சு. நான் கேக்கல. பாக்கறதுக்கு நீட்டா இருக்கட்டும்னு கட்டிட்டேன். அஞ்சு நாளா இந்தத் தெரு மருந்தில்லாத தண்ணி குடிச்சது என்னாலதான்."

பொன்னம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். செயலாளர் ஒருவர் தன் தெரு நடுவில் நின்று இதைச் சொல்வது என்ன என்று எனக்குத் தெரியும். எங்கள் காலனியில் யாரும் சொல்ல மாட்டார்கள். சற்று முன் முணுமுணுத்த பெண்ணின் பக்கம் திரும்பி, "யார் கைன்னு கேட்டியே, என் கைதான்" என்றார். பிறகு மேடத்திடம், "இவ சொல்றது சரி. இங்க தண்ணி வந்து சேர அரை மணி ஆவும், நான் வருசக்கணக்கா வால்வு தொறக்கறவன். இன்னும் பத்து நிமிசம் நில்லுங்க. என் வீட்ல போய் நாற்காலி எடுத்தாரச் சொல்றேன்" என்றார்.

மேடம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நாற்காலியெல்லாம் வேணாம்" என்று சொல்லி ஸ்கூட்டியில் சாய்ந்துகொண்டார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெயில் என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் நின்றேன்.

அந்தப் பத்து நிமிடமும் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. குடங்கள் ஒவ்வொன்றாக நிறைந்து நகர்ந்தன. பொன்னம்மாள் தன் குடத்தைக் குழாயடியில் வைக்கக் குனிந்தவர், மூக்கைச் சுளித்து நிமிர்ந்தார். "ஏய், லேசா வாடை வருதுடி" என்றார் பக்கத்திலிருந்தவளிடம். நான் மேடத்தின் கையிலிருந்த சோதனைக் குழாயைக் கேட்காமலே வாங்கிவிட்டேன். கழுவி, பத்து மில்லி கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்தேன். இரண்டு சொட்டு. அவசரத்தில் மூன்றாவதும் விழுந்தது.

பொன்னம்மாள் வீட்டு வெள்ளைச் சுவருக்கு எதிரே இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. பிறகு சொட்டு விழுந்த இடத்திலிருந்து ஒரு மெல்லிய மஞ்சள் இறங்க ஆரம்பித்தது. ஜீவானந்தம் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மேடம் நோட்டைத் திறந்து, "ஃபிட்டர் பேரு சொல்லும்மா, இனிஷியலோட" என்றார். சம்பந்தம் பைக் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தொண்டையைச் செருமி, "ஏம்மா, அந்த இழுக்கிற ட்யூப் கையில இன்னும் எத்தினி மீட்டர் கீது? மீதி அஞ்சு டேங்குக்கும் பத்துமா?" என்றார்.

இடுப்பில் போன் அடித்தது. கம்பெனி சூப்பர்வைசர் அந்த நேரத்துக்குத்தான் வருகைப் பதிவைச் சரிபார்ப்பார். அடித்து நின்று, மறுபடியும் அடித்தது. எடுக்க எனக்குக் கை இல்லை. மஞ்சள் அடிவரைக்கும் பரவி, சுவரில் அதன் நிழல்கூட மஞ்சளாக விழுந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், பொன்னம்மாளின் குடம் நிறைந்து வழிந்து தெருவில் ஓடியது.